சுடாத கால்

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நடைபாதை போட்டு நாலு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் அது வெறும் கரிசல் கரை. மழையில் செருப்பை இழுத்துக்கொள்ளும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். இப்போது சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்து, ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டு, வரிசையாக விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள். கரிசலுக்கு மேல் போட்ட பாதை என்பதால் மழைக்கு மழை ஓரிடத்தில் கல் எழும்பும், ஓரிடத்தில் அமுங்கும். இருந்தாலும் கோவில்பட்டியில் காலாற நடக்க எனக்குத் தெரிந்து வேறு நல்ல இடம் கிடையாது. மதகில் ஆரம்பித்து, மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் மறுகால் வரை முப்பது கம்பம். மறுகாலில் கல் பெஞ்சு உண்டு. கார்த்திகையில் அங்கே உட்கார்ந்தால் கண்மாய்த் தண்ணீரும், அதற்கு அப்பால் பருத்திக் காடும், அதற்கும் அப்பால் மெதுவாகச் சுற்றும் காற்றாலைகளும் தெரியும்.

என் காலுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இந்தப் பாதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் சண்முகக்கனி. வயது நாற்பத்தெட்டு. பத்தாவது வரை படித்தேன். புதியம்புத்தூரிலிருந்து வெட்டி வரும் நைட்டித் துணியை வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் மினி பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் தேவி, கல்லூரி முடித்துவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். எனக்குச் சர்க்கரை வந்து ஏழு வருடம் ஆகிறது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான் நாலு பேர் முன்னால் போக வரக் கூச்சப்படுகிறவள். வேலை ஒன்றும் இல்லாமல் ஒரு பொம்பளை ரோட்டில் போய்விட்டு வருவதா என்று இருந்தது. அதனால் முதல் மூன்று மாதம் கையில் ஒரு துணிப்பை எடுத்துக்கொண்டு போவேன். பார்க்கிறவர்கள் கடைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று.

அதைக் கண்டுபிடித்தது ஜுலைகா அக்கா. பக்கத்துத் தெரு, பஜாரில் வளையல் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கும் சர்க்கரை.

“பையில என்னட்டி வச்சிருக்க?”

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லாததுக்கா ஒரு பையி? கரை மேல கத்தரிக்காயா விக்கான்? தூரப் போட்டுட்டு வா.”

அன்று முதல் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். அவள் பேசுவாள், நான் கேட்பேன்.

இருபதாவது கம்பத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதைத் தாண்டினால் பாதையை ஒட்டி மாடசாமி பீடம். பாதை போடுவதற்கு முன்பே எல்லோரும் அந்த வேப்பமரத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பீடத்தைக் கடந்த பிறகுதான் மாட்டிக்கொள்வார்கள். சைக்கிளில் வருகிறவர்களும் இறங்கி, செருப்பை ஹேண்டிலில் மாட்டித் தள்ளிக்கொண்டு போவார்கள். கல் பாதை வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. ஜுலைகா அக்காவும் கழற்றுவாள். “ஊரோட நடக்கையில ஊரு மாதிரி நடக்கணும்” என்பாள். வேப்பமரத்திலிருந்து பீடத்தைத் தாண்ட நூற்றைம்பது எட்டு இருக்கும். காலை ஆறு மணிக்கு அந்தக் கல் சில்லென்று இருக்கும் என்று அக்கா சொல்வாள். எனக்குச் சில்லென்றும் இருக்காது, வேறு மாதிரியும் இருக்காது. நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

போன சித்திரையில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் விடும் முறை காலை நேரத்துக்கு மாறியது. தண்ணீர் வருகிற நாளில் எல்லாக் குடத்தையும் நிரப்பி முடிக்க ஒன்பதரை ஆகிவிடும். நடக்காமல் விட்டால் சர்க்கரை ஏறிவிடும் என்று பயந்து, அந்த நாட்களில் பத்து மணிக்கு மேல் கரைக்குப் போனோம்.

முதல் நாள் வேப்பமரத்தில் செருப்பைக் கழற்றினோம். அக்கா நாலு எட்டு வைத்துவிட்டு, “யா அல்லா!” என்று கத்திக்கொண்டு ஓரத்துப் புல்லுக்கு ஓடினாள். நான் எப்போதும் போல நடந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன்.

பீடத்தில் பூ விற்கும் பேச்சியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுடலியா தாயி?”

“இல்லையே.”

அவள் ஜுலைகா அக்கா பக்கம் திரும்பினாள். “அம்மா, நல்லாப் பாருங்க. பூக்குழி எறங்குத காலு மாதிரில்லா நிதானமா வாரா! மாடன் தாங்குதான்.”

ஜுலைகா அக்கா புல்லில் நின்றுகொண்டு, “ஏட்டி, ஒனக்கு அருளு இருக்குட்டி” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவள் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது.

அந்த வயது வரை என்னை யாரும் எதற்காகவும் நின்று பார்த்தது கிடையாது. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த தண்ணீர் நாளில் பேச்சியம்மாள் இரண்டு பெண்களைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தாள். நான் வருவதைப் பார்த்து அவர்கள் எழுந்தார்கள். அதற்கடுத்த முறை, ஒரு பெண் தன் குழந்தைக்குத் திருநீறு பூசச் சொன்னாள். நான் பூசிவிட்டு, கண்ணை மூடி, அந்தக் கல்லின் மேல் வெகுநேரம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர்கள் பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

அன்று மதியம் வீட்டில் தேவி கேட்டாள். “எம்மா, காலக் கழுவிட்டுத் தொடைக்காமலா வந்த? தரையெல்லாம் ஈரம்.”

நான் கால் கழுவி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து தையல் மெஷின் வரை என் வலது காலின் அச்சு மட்டும் ஈரமாக விழுந்திருந்தது. உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். விரல்களுக்குக் கீழே தோல் பெரிய கொப்புளமாக எழும்பி உடைந்திருந்தது. சுண்டு விரலுக்கு அடியில் தோலே இல்லை. இடது காலில் சின்னதாக ஒரு கொப்புளம். வலி என்பது எள்ளளவும் இல்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. நான் தேவியிடம், “தண்ணி சிந்திட்டேன்” என்றேன். அருள் உள்ள கால் என்று நாலு பேர் சொன்ன காலில் கொப்புளம் என்று எப்படிச் சொல்வது? மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்துத் துணி கட்டி, மேலே காலுறை போட்டுக்கொண்டேன். ஐந்து நாள் அப்படி இருந்தேன். ஆறாம் நாள் குளிர் காய்ச்சல் வந்தது. வீட்டுக்காரர்தான் வாடையை வைத்துக் கேட்டார், “வீட்டுக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்கா?”

கோவில்பட்டி டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கே திருநெல்வேலிக்குக் கூட்டிப் போங்கள் என்றார். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் காலுக்கென்று தனியாக ஒரு பிரிவு இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருமே ஒரு செருப்பு மட்டும் போட்டிருந்தார்கள். பேர் ஊர் கேட்பதற்கு முன், “ஒங்களுக்கு என்னத்துல வந்துச்சு?” என்றுதான் கேட்பார்கள். ஒருவருக்கு வெந்நீர், ஒருவருக்குப் புதுச் செருப்பு. விளாத்திகுளம் பக்கம் ஆடு மேய்க்கும் ஒரு கோனார் இருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே அவருக்குக் கால் இல்லை. கட்டு மாற்ற வந்திருந்தார்.

“எனக்கு உடைமுள்ளு தாயி. உள்ள ஏறி ஒரு மாசம் இருந்திருக்கு. அதோடயே ஆட்டுக்குப் பின்னால நடந்திருக்கேன். டாக்டரம்மா எடுத்துக் காமிக்காக, வெரல் நீளம்!” என்று சிரித்தார். “ஒங்களுக்கு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்காரர் சொன்னார். “நடைபாதைக் கல்லு அண்ணாச்சி. சூடு.”

“கல்லு சூடா?” அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கட்டைப் பார்த்தார். “தெரியவே இல்ல, என்ன?”

அந்த ஒரு கேள்வியில், என்னைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்று எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, அவருடைய மடித்துச் செருகிய வேட்டியைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். என் காலைத் தன் மடியில் இருந்த தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, இறந்துபோன சதையைக் கத்தரிக்க ஆரம்பித்தார். மரத்துப்போக ஊசி எதுவும் போடவில்லை.

“வலிக்குதா?”

“இல்ல டாக்டர்.”

“இப்ப?”

“இல்ல.”

கத்தரி சதையில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. தேவி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். என் காலை வெட்டுவதை, யாரோ துணி வெட்டுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி பட்டால் கத்துகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

டாக்டர் விளக்கிச் சொன்னார். சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் பாதத்து நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறும். முதலில் பஞ்சு மேல் நடப்பது போல இருக்கும். செருப்பு கழன்று விழுந்தால் தெரியாது. பிறகு சூடு, குளிர், முள் எதுவும் தெரியாது. எல்லாம் எனக்கு இருந்தவைதான். தையல் மெஷினில் காலை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் மெஷின் பிய்த்துக்கொண்டு ஓடி, ஒரு வருடமாக எத்தனையோ நைட்டிகளில் தையலைப் பிரித்திருக்கிறேன். மோட்டார் சரியில்லை என்று மெக்கானிக்கைத் திட்டினேன்.

“ஒங்களுக்கு இதுக்கு முன்னாடி யாராவது கால்ல நரம்பு டெஸ்ட் பாத்தாங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

தேவி என் பழைய பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அதற்கு முந்தைய வருடம், நடைபாதை முகப்பில் பந்தல் போட்டு நடத்திய இலவச முகாமில் கொடுத்தது. பாதத்தில் உணர்வு சரியாக உள்ளது என்று எழுதியிருந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே வருடத்தில் இவ்வளவு மோசமாகாதே என்றார். நான் அதை வாங்கிப் பையின் அடியில் வைத்தேன்.

காலில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். பேனா மாதிரி ஒன்றைப் பசை தடவிக் கணுக்காலில் வைத்தால், ரத்தம் ஓடும் காலில் உஸ் உஸ் என்று பெட்டியில் சத்தம் கேட்கும். எனக்கு நன்றாகக் கேட்டது. “இதுதான் ஒங்க அதிர்ஷ்டம்” என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் சுண்டு விரல் எலும்பு அரித்திருந்தது. சீழ் எலும்புக்குப் போய்விட்டால் மருந்து மட்டும் போதாது, விரலை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஏறினால் பாதம், அதற்கும் மேலே ஏறினால் கோனாருக்கு எடுத்த இடம். மூன்று நாள் பார்ப்போம் என்றார்.

அந்த மூன்று நாளும் நான் என் காலோடு இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வலி இருந்தால் குறைகிறதா கூடுகிறதா என்றாவது தெரியும். எனக்கு அதற்கும் வழியில்லை. கட்டு மாற்றும்போது நர்சின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெண் முகத்தில் ஒன்றுமே காட்ட மாட்டாள். நாலாம் நாள் சுண்டு விரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டாவது தடவை கட்டுப் பிரித்த அன்று, “நல்லா சிவந்திருக்கும்மா” என்றாள். சிவப்பு நல்லது, கறுப்புத்தான் கெட்டது. அதைக் கேட்டு வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது முகத்தைக் கழுவியிருந்தார்.

ஜுலைகா அக்கா பஸ் ஏறிப் பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“ஊரு பூராவும் நாந்தான சொன்னேன், ஒனக்கு அருளுன்னு. என் வாயில மண்ணு விழ.”

“நீங்க சொன்னீங்க. நான் இல்லன்னு சொல்லலியே அக்கா.”

“ஒனக்கென்ன தெரியும், பாவம்.”

எனக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. அதை அவளிடம்தான் முதலில் சொன்னேன். முகாமில் ஒரு பெண் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மீன் பிடிக்கும் நரம்பு மாதிரி ஒரு இழையால் பாதத்தில் பத்து இடத்தில் குத்தினாள். படும்போது ஆமா என்று சொல்ல வேண்டும். எனக்கு எதுவும் தெரியவில்லை. பின்னால் வரிசையில் தெரிந்த முகமாகப் பத்துப் பேர் நின்றார்கள். எல்லோரும் ஆமா ஆமா என்று சொல்லிவிட்டுப் போனதை நான் கேட்டிருந்தேன். நான் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் கையில் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். கையைக் கொண்டுவரும் போதெல்லாம் அது கிலுங்கும். கிலுங்கும் போதெல்லாம் நான் ஆமா என்றேன். பத்துக்குப் பத்து.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “அது என் கடை வளையலாத்தான் இருக்கும்” என்றாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். மறுநாள் டாக்டரிடமும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தச் சீட்டை வாங்கிக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

கடைசியாகத் தொடையிலிருந்து தோல் எடுத்துப் பாதத்தில் ஒட்டினார்கள். ஊசியின் மரப்பு விட்டதும் தொடை நெருப்பாக எரிந்தது. நர்ஸ் வலி மாத்திரை கொண்டுவந்தாள். கொஞ்சம் கழித்துச் சாப்பிடுகிறேன் என்றேன். வலியைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

இருபத்தாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். புண் முழுதாக மூட ஆவணி ஆகிவிட்டது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று, ஆஸ்பத்திரியில் மெத்தென்ற ரப்பர் வைத்து, பின்னால் வார் போட்டுச் செருப்புச் செய்து கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். எனக்குக் குனிந்து பார்க்க வராது. முதல் நாள் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் காலைத் தொட்டிருக்கிறேன். அவர் என் காலைத் தொட்டதில்லை.

“விடுங்க. பாவம்ங்க.”

“ஏட்டி, சும்மா இரி. பஸ்ஸ எடுக்க முன்னால டயரப் பாக்கேனா இல்லியா? அது மாதிரிதான்.” செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்த்தார். இன்று வரை ஒரு நாளும் தவறவில்லை.

பாதத்துக்கு அழுத்தம் குறைவு என்பதால் சைக்கிள் ஓட்டலாம் என்றார் டாக்டர். தேவிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த நீல சைக்கிள் வீட்டில் கிடந்தது. நான் சின்ன வயதில் ஓட்டியவள்தான். தை மாதம் மறுபடி கரைக்குப் போனேன். மஞ்சள் கோட்டுக்குள் மெதுவாக ஓட்டுவேன். வேப்பமரம் வந்ததும் திரும்பிவிடுவேன். செருப்பைக் கழற்றக் கூடாது. செருப்போடு மாடன் முன்னால் போக மனம் வரவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றும் இருந்தது. ஆகவே இருபது கம்பத்தோடு என் பாதை முடிந்தது. மறுகால் பெஞ்சை நான் தூரத்திலிருந்துதான் பார்ப்பேன். ஜுலைகா அக்கா தனியாகப் போய்விட்டு வருவாள்.

போன வாரம் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்த நாள். கரைக்குப் போகப் பத்தரை ஆகிவிட்டது. பங்குனி வெயில். வேப்பமர நிழலில் சைக்கிளைத் திருப்பும்போது பார்த்தேன். பீடத்துக்கு முன்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். ஊருக்குப் புதிது. மற்றவர்கள் எல்லாம் ஓரத்துப் புல்லில் தாவித் தாவி ஓட, அவள் கல்லின் நடுவில் நிதானமாக நடந்தாள். எனக்குத் தெரிந்த நடை. பேச்சியம்மாள் பூவைக் கட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ சொன்னாள். அந்தப் பெண் பீடத்துக்கு நேரே வந்து, நின்று, கண்ணை மூடினாள்.

நான் சைக்கிளை அப்படியே கீழே போட்டேன். “எக்கா! ஓரத்துக்கு வாங்க! நிக்காதீங்க அங்கன!” என்று கத்தினேன். என் சத்தம் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் கண்ணைத் திறந்தாள், ஆனால் அசையவில்லை. நான் செருப்புக் காலோடு ஓடினேன்.

“எம்மா, செருப்பு! செருப்பு!” என்று பேச்சியம்மாள் எழுந்து கையை ஆட்டினாள்.

நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் புல்லில் உட்கார வைத்தேன்.

“யாரு தாயி நீங்க? என்ன வேணும்?”

“ஒங்களுக்குச் சர்க்கரை இருக்கா?”

“இருக்கு. அதுக்கென்ன?”

“கல்லு சுடலியா?”

அவள் சிரித்தாள். “இல்லையே. மாடன் முன்னால எப்படிச் சுடும்? நல்லாத்தான இருக்கு.”

நான் எதிரே உட்கார்ந்து அவள் பாதத்தைத் தூக்கி என் மடியில் வைத்தேன். அவள் பதறிக் காலை இழுத்தாள். நான் விடவில்லை. இரண்டு கையாலும் அவள் உள்ளங்காலைப் பிடித்தேன். என் கை சுட்டது.